கையில் போன் இருக்கும்போது பரிசுத்தமாக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்தில் கையைத் தூக்கி யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஓரமாக வந்து கேட்கிறார்கள், இல்லையென்றால் ராத்திரி பதினொரு மணிக்கு "அண்ணா, ஒன்னு கேக்கலாமா" என்று மெசேஜ் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். வசனங்கள் நாம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. பெரும்பாலானவை கத்தோலிக்க நண்பர்களுக்கும் பொருந்தும்.

பரிசுத்தம் என்றால் ஆபாசப் படம் பார்க்காமல் இருப்பது, அவ்வளவுதானே?

இல்லை. ஆனால் நம் சபைகளில் பரிசுத்தம் என்று சொன்னாலே அந்த ஒரு விஷயம்தான் எல்லோர் மனதிலும் ஓடுகிறது, அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன். "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று பேதுரு எழுதுகிறாரே, அது லேவியராகமத்திலிருந்து எடுத்தது. அங்கே போய் 19-ஆம் அதிகாரத்தை உட்கார்ந்து வாசியுங்கள். வயல் ஓரத்தில் விளைந்ததை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவை, கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலைவரை உன்னிடம் வைத்திருக்காதே, படிக்கல்லிலும் மரக்காலிலும் ஏமாற்றாதே, கோள் சொல்லித் திரியாதே, பெரியவர்களுக்கு முன் எழுந்து நில், செவிடனை நிந்திக்காதே. இதெல்லாம் பரிசுத்தம் என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். காது கேட்காதவரைத் திட்டினால் அவருக்குத் தெரியவே போவதில்லை, பதில் சொல்லவும் முடியாது. முகம் தெரியாத ஒரு நடிகையின் படத்துக்குக் கீழே, பொய்ப் பெயர் வைத்த ஐடியிலிருந்து நாம் எழுதும் கமெண்ட் வேறு என்ன?

அப்போ ஸ்மார்ட்போனையே விட்டுவிடலாமா?

முடிந்தால் விடுங்கள், தப்பே இல்லை. பட்டன் போனுக்கு மாறி நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், உன்னை இடறப்பண்ணும் கண்ணையே பிடுங்கிப்போடு என்று சொன்னவர் நம் ஆண்டவர், அதற்கு முன்னால் ஒரு போன் பெரிய விஷயமில்லை. ஆனால் ஹால் டிக்கெட், பேங்க் ஓடிபி, ஆபீஸ் வேலை எல்லாம் அதில்தான் வருகிறது என்பதால் நிறையப் பேருக்கு அது நடக்காது. போன் போய்விட்டால் மட்டும் மனசு சுத்தமாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பொல்லாத சிந்தனைகள் இருதயத்திற்குள்ளிருந்து புறப்படுகின்றன என்று மாற்கு 7-இல் இருக்கிறது.

ஆபாசப் பழக்கத்தை விட முடியவில்லை. ஜெபித்தாயிற்று, உபவாசம் இருந்தாயிற்று. இன்னும் என்ன செய்வது?

அதிகமாக வரும் கேள்வி இதுதான், நீளமாகவே பதில் சொல்கிறேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுவதற்கு முன்னால், இதைப் பார்ப்பதற்குப் பலர் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டரில் நோட்டில் பெயர் எழுதவேண்டும், கடைக்கார அண்ணன் முகத்தைப் பார்ப்பார், பக்கத்துக் கேபினில் ஆள் இருப்பான். இப்போது போர்வைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. முந்தின தலைமுறை நம்மைவிடப் பரிசுத்தமான தலைமுறை என்று நான் நம்பவில்லை, அவர்களைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் வளர்ந்த ஒரு பழக்கத்தை யாருக்கும் தெரியாமலே அழுது ஜெபித்து முடித்துவிடலாம் என்று வருடக்கணக்கில் முயற்சி செய்பவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் முடிவதில்லை. ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு அதே போனை அதே தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தால் எப்படி?

அதனால் முதலில் போன் இரவில் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், முடிந்தால் அப்பா அம்மா படுக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவிட்சில். எழும்ப அலாரம் வேண்டுமென்றால் ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைம் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் இருக்கிறது, தனியாகத் தடுப்பு ஆப்களும் கிடைக்கும். கடவுச்சொல் போடவேண்டிய இடத்தில் நீங்கள் போடாதீர்கள், நம்பிக்கையான ஒருவரைப் போடச் சொல்லுங்கள். நீங்களே பூட்டி நீங்களே சாவி வைத்திருந்தால் பயனில்லை.

அப்புறம், எப்போது விழுகிறீர்கள் என்று கவனியுங்கள். பரீட்சை முடிந்த ராத்திரி, அப்பாவோடு சண்டை போட்ட ராத்திரி, வேலை கிடைக்காமல் வீட்டில் சும்மா இருக்கும் மதியம் என்று அதற்கு ஒரு வழக்கம் இருக்கும். இச்சை என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி களைப்பு, தனிமை, கோபம். களைப்புக்குத் தூக்கம் வேண்டும், தனிமைக்கு ஆள் வேண்டும். நாற்பது நாள் உபவாசத்தால் தீராத சிலது, தினமும் சாயங்காலம் நண்பர்களோடு கிரவுண்டுக்குப் போவதால் தீர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது பிரசங்கங்களில் வருவதே இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4-இல் பவுல் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசும்போது, இந்த விஷயத்தில் ஒருவனும் தன் சகோதரனை வஞ்சிக்கக்கூடாது என்கிறார். அதாவது இதில் இன்னொரு ஆள் பாதிக்கப்படுகிறார். "லீக் வீடியோ" என்று சுற்றும் ஒன்றில் இருக்கும் பெண் அதை வெளியிடச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்குள் அவளால் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. அதைத் தேடிப் பார்க்கிற ஒவ்வொருவரும் அந்த அநியாயத்தில் பங்காளி. சிறுவர் சிறுமியர் சம்பந்தப்பட்டது என்றால் சட்டப்படியும் குற்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் தேடுவது, டவுன்லோட் செய்வது, அனுப்புவது எல்லாமே வருகிறது. டவுன்லோட் செய்து தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

யாரிடம் சொல்வது? பாஸ்டரிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் "ஒரு தம்பி என்னிடம் வந்தான்" என்று வந்துவிடுமே?

நியாயமான பயம். அப்படிப் பேசும் வழக்கம் உள்ளவரிடம் சொல்லாதீர்கள், பெயர் சொல்லாவிட்டாலும் சின்ன ஊரில் யார் அந்தத் தம்பி என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். கத்தோலிக்கருக்கு, குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருள்சாதனம் இருக்கிறது, அங்கே கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லவே கூடாது. மற்ற சபைகளில் அந்தப் பாதுகாப்பு இல்லாததால் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதும்போது ஒருவருக்கொருவர் என்றுதான் சொல்கிறார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வாயை அடக்கத் தெரிந்தவர். தன் குறையையும் உங்களிடம் சொல்லக்கூடியவர். இந்த மூன்றும் இருந்தால் போதும், அவருக்கு ஊழியர் பட்டம் தேவையில்லை.

மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பரில் இப்படிப்பட்ட சிறு குழுக்களுக்கு விதி எழுதினார். வாரம் ஒருமுறை கூடவேண்டும், போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன, என்ன சோதனை வந்தது, அதிலிருந்து எப்படித் தப்பினாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டும். ஆண்கள் தனி, பெண்கள் தனி. தென்னிந்திய மெத்தடிஸ்ட் சபை 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தபோது அந்தப் பாரம்பரியமும் நம்மோடு சேர்ந்துதான் வந்தது, ஆனால் நாம் வாலிபர் கூட்டத்தில் பாட்டும் போட்டியும் நடத்திவிட்டு அதை மறந்துவிட்டோம். மூன்று பேர், வாரத்தில் ஒரு மணி நேரம், மாடியில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் எந்த ஆப்பும் செய்யாததை அது செய்யும். எல்லா விவரமும் சொல்லத் தேவையில்லை. "நேத்து விழுந்துட்டேன்" என்றால் போதும்.

பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறதா?

இருக்கிறது. இதை வாலிபப் பையன்களின் பாவம் என்றே பிரசங்கிப்பதால், தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருக்கும் தங்கைகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். பெண்கள் கூட்டம் நடத்தும் அக்காமார் தயவுசெய்து ஒருமுறையாவது இதை வெளிப்படையாகப் பேசுங்கள், பேசியபின் யார் தனியாக வந்து பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.

பேஸ்புக்கில் பழகிய ஒருத்தி வீடியோ காலில் வந்தாள். அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். என்ன செய்ய?

பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினால் நிற்காது. சாட், போன் நம்பர், யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எதையும் அழிக்காமல் பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், போகாவிட்டாலும் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், அண்ணனோ மாமாவோ யாராக இருந்தாலும் சரி. இவர்கள் பிழைப்பே உங்கள் வெட்கத்தை நம்பித்தான் நடக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 14416-க்கு அழையுங்கள், அது டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம். ஆண்டவரிடம் அறிக்கையிடவேண்டியதை இன்று ராத்திரி அறிக்கையிடலாம், அதற்காகப் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், அந்தப் பெண் உருவத்தின் பின்னால் இருப்பது ஒரு மோசடிக் கும்பல், ஆண்டவர் அனுப்பிய தண்டனை இல்லை.

ஆபாசம் எதுவும் பார்ப்பதில்லை. சும்மா ரீல்ஸ் ஓட்டுகிறேன். அதுவும் பாவமா?

எல்லாவற்றையும் அநுபவிக்க அதிகாரமுண்டு, ஆகிலும் "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று பவுல் எழுதினார். அந்த வரியை வைத்து உங்களையே சோதித்துப் பாருங்கள்.

கி.பி. 399-இல் எகிப்து வனாந்தரத்தில் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, தன்னைப்போன்ற துறவிகளுக்கு நடுப்பகலில் வரும் ஒரு சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். சூரியன் நகரவே இல்லாததுபோலத் தோன்றும், ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல இருக்கும், கண் ஜன்னல் பக்கமே போகும், எழுந்து வெளியே வந்து சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பான், எந்தச் சகோதரனாவது இந்தப் பக்கம் வருகிறானா என்று எட்டிப் பார்ப்பான், பிறகு இந்த இடமும் வேலையும் வாழ்க்கையுமே வெறுத்துப்போகும். வேலையின் நடுவில் ஒரு காரணமும் இல்லாமல் போனைத் திருப்பி, யாராவது ஏதாவது அனுப்பியிருக்கிறார்களா என்று பார்க்கும் நம் கையைத்தான் அவர் எழுதியிருக்கிறார். மனசு இப்படித் தாவும் என்று 1,600 வருடங்களுக்கு முன்பே அந்தத் துறவிகளுக்குத் தெரியும். அதற்கு அவர்கள் சொன்ன மருந்தும் ஒன்றுதான்: எழுந்து போகாதே, இருக்கும் இடத்திலேயே இரு, ஒரு சங்கீதம் சொல், கையிலிருக்கும் வேலையைச் செய்.

நமக்கு ஒரு கூடுதல் கஷ்டம், நாம் தாவுவதை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006-இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின் என்பவரே பிறகு அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். நீங்கள் லைக் போடவேண்டியதுகூட இல்லை, விரல் ஒரு படத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே அதையும் கணக்கில் எடுத்து அடுத்ததைக் கொண்டுவருகிறது. "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான்" என்று யோபு சொன்னதை அங்கே அப்படியே செய்து பார்க்கலாம்: வேண்டாததில் கண் நிற்காமல் தள்ளுங்கள், "ஆர்வமில்லை" என்பதை அழுத்துங்கள், பார்த்த வரலாற்றை அழியுங்கள். காலையில் கண் விழித்ததும் முதலில் தொடுவது அச்சடித்த பைபிளாக இருக்கட்டும், போன் அதற்குப் பிறகு.

நான் பார்ப்பதெல்லாம் கிறிஸ்தவ ரீல்ஸ்தான். பிரசங்கத் துண்டுகள், ஆராதனைப் பாடல்கள்.

நல்லதுதான், ஆனால் அதையும் மற்ற ரீல்ஸ் மாதிரியே ஓட்டுகிறீர்கள். ஒரு நாளைக்குப் பத்து ஊழியக்காரர்கள் பேசுகிறார்கள், பத்தில் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது, நீங்கள் வீட்டில் மனைவியிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதும் தெரியாது. கண்ணீர் வருகிறது, அடுத்ததுக்குத் தள்ளுகிறோம், கண்ணீர் காய்ந்துவிடுகிறது. மாற்கு சுவிசேஷத்தில் மொத்தம் 16 அதிகாரம், ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம். ஒரு வாரத்துக்கு ரீல்ஸுக்குப் பதிலாக அதைச் செய்து பாருங்கள்.

"உடனே ஜெபியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று வரும் செய்திகளை ஃபார்வர்ட் செய்யலாமா?

உண்மை என்று தெரியாமல் செய்யக்கூடாது. ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிக் குடும்பங்களை நாளைக்குக் கொல்லப்போகிறார்கள் என்ற செய்தி பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் "நாளை" என்றே இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் விசுவாசிகள் பாடுபடவில்லை என்று சொல்லவில்லை, 2007-இல் தென் கொரியச் சபை ஒன்றிலிருந்து போன 23 பேரைத் தாலிபான்கள் பிடித்துவைத்து இரண்டு பேரைக் கொன்றது நடந்த சம்பவம். பொய்யான செய்தி இப்படி உண்மையாகப் பாடுபடுகிறவர்களுக்குத்தான் துரோகம் செய்கிறது, நாளைக்கு நிஜமாக ஒன்று நடந்து ஜெபிக்கச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையில், நானாக எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பவருக்கு விலக்கு எதுவும் இல்லை. வேறு மதத்தினரைப் பற்றி, வேறு சாதியினரைப் பற்றி வரும் செய்திகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். வதந்தியால் ஆட்கள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான் 2018-இல் வாட்சப் நம் நாட்டில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. இரட்டை அம்புக்குறியோடு வரும் எதுவும் பல கை மாறி வந்தது. அதைப் பார்த்தால் நிறுத்துங்கள், செய்தித்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள், தெரியவில்லையா, உங்களோடு முடியட்டும். சபைக் குழுவில் பெரியவர் ஒருவர் அனுப்பியிருந்தால் எல்லோர் முன்னாலும் திருத்தவேண்டாம், "அங்கிள், இது பழைய பொய்ச் செய்தி" என்று தனியாகச் சொல்லுங்கள்.

ஊழியர்களின் தப்பை அம்பலப்படுத்தும் யூடியூப் சேனல்களைப் பார்க்கலாமா?

இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளவேண்டும். குழந்தையிடமோ பெண்ணிடமோ ஒரு ஊழியர் தவறாக நடந்தால் அது போலீசுக்குப் போகவேண்டிய விஷயம். குழந்தை என்றால் போக்சோ சட்டம் இருக்கிறது, 1098-க்கு அழைக்கலாம். "சபையின் பெயர் கெடும், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று மூடுபவர்கள் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு விரோதமாகப் பாவம் செய்கிறார்கள், பரிசுத்தம் என்ற பெயரில் இதைச் செய்வது இன்னும் மோசம். பணக் கணக்கைக் கேட்பதும் சபையாரின் உரிமை.

மற்றபடி யார் என்ன உபதேசம் சொன்னார், யார் என்ன கார் வாங்கினார் என்று மாறிமாறிக் கிழிக்கும் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பதால் நமக்குக் கிடைப்பது என்ன? நாம் அவர்களைவிடப் பரவாயில்லை என்ற எண்ணம் ஒன்றுதான். உன் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்று மத்தேயு 18-இல் ஆண்டவர் ஆரம்பிக்கிறார். கமெண்டில் ஆரம்பிக்கச் சொல்லவில்லை.

ஆன்லைனில் ஆராதனை இருக்கும்போது ஆலயத்துக்குப் போகவேண்டுமா?

படுக்கையில் இருப்பவர்கள், ஞாயிறு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ்கள், கூடிவர இடமில்லாத நாடுகளில் வேலை செய்பவர்கள், இவர்களுக்கு லைவ் ஆராதனை பெரிய ஆசீர்வாதம். 2020 ஊரடங்கில் நமக்கெல்லாம் அது ஆதரவாக இருந்தது. உடம்பும் நேரமும் இருப்பவர்கள் போகவேண்டும். எழுத நிறைய இருந்தாலும் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, வந்து முகமுகமாய்ப் பேசலாமென்று நம்பியிருக்கிறேன் என்று யோவான் தன் இரண்டாம் நிருபத்தை முடிக்கிறார்.

"யாவரோடும் சமாதானமாயிருக்கவும், பரிசுத்தமுள்ளவர்களாயிருக்கவும் நாடுங்கள்" என்று எபிரெயர் 12:14 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஸ்கிரீனில் யாரோடும் சண்டை இல்லை, அதனால் சமாதானமும் இல்லை. ஆலயத்தில்தான் சொத்துத் தகராறில் பேசாமல் இருக்கும் சித்தப்பா மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருப்பார், அவரோடு ஒரே அப்பத்தில் பங்கெடுக்கவேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தில் ஆண்டவர் நம்மில் செய்யும் வேலையை வீட்டுச் சோபாவில் செய்வது கஷ்டம்.

உபவாசம் இருப்பதை, உதவி செய்வதை ஸ்டேட்டஸில் போடலாமா?

வேண்டாம். தர்மத்தையும் உபவாசத்தையும் மனுஷர் காணவேண்டுமென்று செய்யாதே என்று மத்தேயு 6 தெளிவாகச் சொல்கிறது. அரிசி மூட்டை வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடுவது அவரை அவமானப்படுத்துவதும்கூட.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

சொல்வதற்கு முன் நம் போன் சாப்பாட்டு மேசையிலிருந்து போகட்டும். தடை மட்டும் போட்டால் அவர்கள் பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்ப்பார்கள், அதனால் தப்பான படம் கண்ணில் பட்டால் அடி விழாது, அப்பாவிடம் வந்து சொல்லலாம் என்ற தைரியத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். 2006-இல் 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவன் கார்லோ அக்குதிஸை 2025 செப்டம்பரில் திருத்தந்தை லியோ புனிதராக அறிவித்தார். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் கண்காட்சியே வைத்தவன், வீடியோ கேமுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டான் என்று சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை, எந்தச் சபையாக இருந்தாலும்.

திருமணமானவர்கள் ஒருவர் பாஸ்வேர்டு ஒருவருக்குத் தெரியவேண்டுமா?

தெரியட்டும். ஆனால் தினமும் எடுத்துச் சோதிப்பது சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

மறுபடியும் மறுபடியும் விழுகிறேன். இரட்சிப்பை இழந்துவிட்டேனா?

இந்தக் கேள்வியை அழுதுகொண்டே கேட்கிறீர்கள் என்றால் ஆவியானவர் உங்களைவிட்டுப் போய்விடவில்லை. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகளில் இருக்கிறது, நம் பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவைகளை மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று யோவான் விசுவாசிகளுக்குத்தான் எழுதினார். விழுந்த பிறகு ஒரு வாரம் ஜெபிக்க வெட்கப்பட்டு, ராப்போஜனம் எடுக்காமல், ஆலயத்துக்கும் போகாமல் ஒதுங்கி இருக்கிறீர்களே, அந்த வாரத்தில்தான் அடுத்த விழுகை ஆரம்பிக்கிறது. விழுந்த அதே ராத்திரி முழங்கால்படியிடுங்கள். காலையில் அந்த ஒருவருக்குப் போன் போடுங்கள். அப்படி ஒருவர் இன்னும் உங்களுக்கு இல்லையென்றால், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரிடம் போய்ப் பேசலாம் என்று இப்போதே ஒரு பெயரை யோசித்து வையுங்கள்.